லண்டனில் ஒரு பால்மரம்

வேலை விஷயமாக வெளிநாடு போகிறவர்களைப் பார்த்து, "கொடுத்து வைத்தவர்!" என்று நாம் பெருமூச்சு விடுவதுண்டு. போய் வந்தவர்களைக் கேட்டால்தான் உண்மை தெரியும். விமான நிலையம், தங்கும் விடுதி, வேலை செய்யும் இடம், மறுபடியும் விடுதி. இந்த நான்கையும் தவிர வேறெதையும் பார்க்காமலே திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன், நடுவில் ஒரு சனி, ஞாயிறு சும்மா கிடைக்காமல் போயிருந்தால்.

வாசக அன்பர்களே, அந்த இரண்டு நாளில் நான் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஏனென்றால், நான் கண்டது என் கதை மட்டுமல்ல, உங்கள் வீட்டுக் கதையும்கூட.

நான் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனைக்கூட மேற்பார்வையாளன். 2018 ஜூன் மாதம், கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கும் புதிய இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்ள என்னை லண்டனுக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள் பயிற்சி வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. ஆனால் மலிவான விலையில் கிடைத்த விமானச் சீட்டோ ஞாயிறு இரவுக்குத்தான்! சாப்பாட்டுப் படியும் வேலை நாளோடு சரி. மிச்சமிருந்த இரண்டு நாளும் என் கைக்காசு.

ஒரு பவுனுக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குப் பசியே அடங்கிவிட்டது. அம்மா பெட்டியில் திணித்து அனுப்பிய மீ பாக்கெட்டும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்க, அறையிலேயே படுத்துக் கிடந்து பொழுதைக் கழித்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன்.

என் முடிவை மாற்றியது ஒரு காகிதம். விடுதியின் வரவேற்பு மேசைமேல் சுற்றுலாத் துண்டுத் தாள்கள் அடுக்கியிருந்தன. அரண்மனை, மெழுகுப் பொம்மை, மணிக்கூண்டு என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவன் ஒரு தாளில் நின்றுவிட்டேன். 'கியூ தாவரத் தோட்டம்' என்றிருந்தது. கியூ! எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ரப்பரின் வரலாற்றை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். "பிரேசிலிலிருந்து விதை கியூவுக்குப் போனது, கியூவிலிருந்து கன்று நம் பக்கம் வந்தது" என்று கிளிப்பிள்ளை மாதிரி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கியூவுக்கு ரயிலேறிப் போகலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை!

மூக்குக் கண்ணாடியில் மூடிய ஆவி

மறுநாள் காலை பசியாறிவிட்டுக் கிளம்பினேன். லண்டன் சுரங்க ரயில்களில் ஒவ்வொரு தடத்துக்கும் வரைபடத்தில் ஒரு நிறம் உண்டு. டிஸ்ட்ரிக்ட் தடம் பச்சை. ரிச்மண்ட் போகிற பச்சை ரயிலில் ஏறினால் கியூ கார்டன்ஸ் என்றே ஒரு நிலையம். இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் தோட்டத்தின் வாசல். நுழைவுக் கட்டணத்தை வெள்ளியாக மாற்றிப் பார்க்கக்கூடாது என்று மனத்துக்குக் கட்டளையிட்டுவிட்டுச் சீட்டு வாங்கினேன்.

உள்ளே ஒரு குளம். வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. குளத்துக்கு அப்பால் வெள்ளை இரும்பும் கண்ணாடியுமாக, கவிழ்த்து வைத்த கப்பலைப் போல ஒரு கட்டடம் நின்றது. அதுதான் பனை மாளிகை. 1844-ல் தொடங்கி 1848-ல் கட்டி முடித்தது. நீளம் ஏறக்குறைய 363 அடி. ஆயிரக்கணக்கான கண்ணாடிப் பலகைகள். குளிர் நாட்டில் நம்மைப் போன்ற வெப்ப நாட்டு மரங்களை வளர்ப்பதற்காகவே கட்டிய வீடு. அந்தக் காலத்தில் அடியில் கொதிகலன் வைத்து, நிலக்கரி எரித்துச் சூடேற்றினார்களாம்.

கதவைத் திறந்து ஓரடி வைத்தேன். மூக்குக் கண்ணாடியில் புகை மூடினாற்போல ஆவி படிந்துவிட்டது. ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் மூக்குக்குத் தெரிந்தது. ஈர மண் வாசம், இலை மக்கும் வாசம், மழை விட்ட பிறகு எழும் புழுக்கம்! கண்ணை மூடிக்கொண்டு நிற்க, நான் பிறந்த தோட்டத்தின் பால்மரக் காட்டுக்குள் நிற்பது போலவே இருந்தது. வெளியே சட்டைக்கு மேல் சட்டை போட்டு நடந்தவனுக்கு உள்ளே வியர்த்து ஊற்றியது. ஐந்து நாளாக நடுங்கிக் கிடந்த உடம்பு, "அப்பாடா!" என்றது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். வாழை, கொக்கோ, காப்பி, மிளகு எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள்தாம். செம்பனையும் இருந்தது. ஆப்பிரிக்காவில் பிறந்து, 1848-ல் நான்கே நான்கு கன்றுகளாக ஜாவாத் தீவின் போகோர் தோட்டத்துக்கு வந்த மரம் அது. நம் நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாக அதை 1917-ல் நட்டது எங்கே தெரியுமா? கோலசிலாங்கூர் பக்கம் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். நான் பிறந்து வளர்ந்ததும் கோலசிலாங்கூர் வட்டாரமே. பக்கத்து ஊர்க்காரனை லண்டனில் கண்ட மகிழ்ச்சி எனக்கு!

அதைத் தாண்டி இன்னும் சில அடி. மூன்று மூன்றாக விரிந்த இலை, சாம்பல் நிறப் பட்டை. பெயர்ப் பலகையைப் படிக்கத் தேவையே இல்லை. பால்மரம்!

எழுபதாயிரம் விதையும் இருபத்திரண்டு கன்றும்

அந்த மரத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இந்த மரத்தின் கதையை உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டிய கதை இது.

பால்மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. அங்கே ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய 70,000 விதைகளைச் சேகரித்து, 1876 ஜூன் மாதம் கியூவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுன் என்பது பேச்சு. பால்மர விதை எண்ணெய்ச் சத்து நிறைந்தது. உதிர்ந்த சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தி போய்விடும். கப்பல் பயணத்தில் பெரும்பகுதி பாழ். கியூவின் சிறு கண்ணாடி வீடுகளில் விதைத்ததில் முளைத்தவை 2,700 அளவுதான். அதாவது நூற்றுக்கு நான்குகூடத் தேறவில்லை!

முளைத்த கன்றுகளில் சுமார் 1,900 அந்த ஆண்டே கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். 1877-ல் வெறும் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றைக்கும் கோலகங்சாரில் வேலி கட்டிப் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கட்டாயம் பார்த்துவிட்டு வாருங்கள்.

மரம் வந்துவிட்டது. ஆனால் நடுவதற்குத்தான் ஆளில்லை! தோட்டத் துரைமார்களுக்குக் காப்பியில்தான் கண். 1888-ல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்தவர் ரிட்லி. சட்டைப் பையில் விதையைப் போட்டுக்கொண்டு, பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் "இதை நடுங்கள், இதை நடுங்கள்" என்று கெஞ்சுவாராம். அவருக்குக் கிடைத்த பட்டம் 'பைத்தியக்கார ரிட்லி'! அமேசானில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்த காலம் அது. மரத்துக்குக் காயம் படாமல், பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, அதே வெட்டில் மறுபடி மறுபடி பாலெடுக்கலாம் என்று காட்டியவர் அவர்தான்.

மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீனர் 1896-ல் துணிந்து நட்டார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, விலை ஏறியது. கெஞ்சிய காலம் போய், காட்டையெல்லாம் அழித்து நடும் காலம் வந்தது. 'பைத்தியக்கார' ரிட்லி நூறு வயது வாழ்ந்து, 1956-ல் இதே கியூவில்தான் கண்ணை மூடினார்.

மரம் இருக்கிறது, நிலம் இருக்கிறது. காடு வெட்ட, குழி தோண்ட, கன்று நட, பால் வெட்ட யார் இருக்கிறார்கள்? கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். அதற்கப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். என் பாட்டனாரும் சேலம் ஜில்லாவிலிருந்து நடந்தும் ரயிலேறியும் நாகப்பட்டினம் வந்து, பினாங்குக்குக் கப்பலேறியவர்தான்.

ஆக, அந்த 22 கன்றுகள் சிங்கப்பூரில் வேர் பிடிக்காமல் போயிருந்தால் என் பாட்டனார் கப்பலேறியிருக்க மாட்டார். என் அம்மா கோலசிலாங்கூரில் பிறந்திருக்க மாட்டார். நானும் இந்த மரத்தின் முன்னால் நின்றிருக்க மாட்டேன். இதை நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பெயர்ப் பலகையை ஒரு முறைக்கு இரு முறை படித்தேன். மரத்தின் பெயர் இருந்தது. அது பிறந்த இடம் இருந்தது. அதை நம்பிக் கடல் கடந்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சிறிய பலகை. அதில் எவ்வளவுதான் எழுத முடியும்?

குடையைக் கத்தியாக்கினேன்

நான் மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதை ஒரு வெள்ளைக்கார அம்மாள் கவனித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். வழிகாட்டி என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தது. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கூட்டம்.

"இந்த மரத்தை முன்பே தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நான் மலேசியாவிலிருந்து வருகிறேன்" என்றேன்.

"அப்படியானால் இவர்களுக்கு நீங்களே சொல்லுங்களேன், பால் எப்படி எடுப்பார்கள்? நான் புத்தகத்தில் படித்ததுதான்!"

இந்த இடத்தில் நான் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

என் அம்மா பதினாறு வயதில் கத்தி பிடித்தவர். 31 வருடம் பால் வெட்டினார். நான் 1986-ல் இடைநிலைப் பள்ளியில் முதல் படிவம் சேர்ந்தபோது பட்டணத்துப் பிள்ளைகளோடு படிக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறினால், "ஒட்டுப்பால் வாசம் வருது" என்று சிலர் மூக்கைப் பிடிப்பார்கள். பள்ளியில் நிரப்பக் கொடுத்த பாரத்தில் 'தாயார் தொழில்' என்று ஓர் இடம். அதில் நான், 'சூரி ரூமா தங்கா' என்று எழுதினேன். குடும்ப மாது! விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், மத்தியானம் வரை மரத்துக்கு மரம் ஓடிய அம்மாவைக் குடும்ப மாது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும், வேலைக்கு விண்ணப்பம் போட்டபோதும், பெண் பார்க்கப் போன இடத்திலும், அம்மா பால் வெட்டியதை நானாக வாய் திறந்து சொன்னதில்லை.

அன்றைக்கு என்னவோ, கேள்வி கேட்டவுடனே வாயில் வந்துவிட்டது. "என் தாயார் முப்பத்தொரு வருடம் இந்த மரத்தில் பால் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் நான் அவரோடு போய் மங்கு துடைத்திருக்கிறேன்" என்றேன். அத்தனை பேரும் என் பக்கம் நெருங்கி வந்தார்கள்.

கையிலிருந்த குடையைக் கத்தியாக்கிக்கொண்டேன். மரத்தில் படாமல் காற்றிலேயே வெட்டிக் காட்டினேன். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிய வேண்டும். ஏன் தெரியுமா? பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக இல்லை, சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இப்படிச் சரித்து வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும், அதிகப் பால் வரும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரு மயிரிழை கூடிவிட்டால் கத்தி மரத்தில் பட்டுக் காயமாகிவிடும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. தண்டல் கண்ணில் பட்டால் வசவு வேறு!

"ஏன் இருட்டோடு போக வேண்டும்?" என்று ஓர் இளைஞன் கேட்டான்.

"வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் ஆவியாகிவிடும். மரத்துக்குள் அழுத்தம் குறையும். பால் ஓட்டமும் குறையும். அதனால்தான் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள்."

"ஒரு நாளைக்கு எத்தனை மரம்?"

"ஐந்நூறு மரம். வெட்டி முடித்ததும் அத்தனை மரத்துக்கும் திரும்ப நடந்து, மங்கிலிருந்து பாலை வாளியில் சேர்த்து, தூக்கிக்கொண்டு போய் நிறுத்துப் போட வேண்டும். இடையில் மழை வந்தால் அவ்வளவும் தண்ணீரோடு போச்சு."

கூட்டம் அமைதியாகிவிட்டது. கடைசியில் அந்த வழிகாட்டி அம்மாள், "இத்தனை வருடமாக இந்த மரத்தைக் காட்டிக்கொண்டு வருகிறேன். இன்றைக்குத்தான் அதைப் பற்றித் தெரிந்துகொண்டேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்" என்றார்.

அம்மா பார்த்த மரம்

அப்போது லண்டனில் பகல் பதினொன்றரை. நம் நாட்டில் மாலை ஆறரை, விளக்கு வைக்கும் நேரம். முகம் பார்த்துப் பேசும் வசதிதான் கைப்பேசியிலேயே இருக்கிறதே! அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்னடா, பசியாறுனியா? குளுருதா?" என்றுதான் ஆரம்பித்தார்.

"அம்மா, இங்க யாரு நிக்கிறான்னு பாருங்க" என்று கைப்பேசியை மரத்தின் பக்கம் திருப்பினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அடேய்! பால்மரமா? அங்கயும் இருக்கா? வெள்ளக்காரன் ஊட்டுக்குள்ளயே வச்சிருக்கான்!" என்று சிரித்தார்.

"கீழ காட்டு, வெட்டு எங்க?" என்று கேட்டார். காட்டினேன். கத்தி பட்ட அடையாளம் எதுவுமே இல்லை.

"வெட்டாத மரம்டா! பட்டையப் பாரு, எவ்ளோ நல்லா இருக்கு. கண்ணாடி ஊடு கட்டி, குளுராம வச்சு, வேலையும் கொடுக்காம வச்சிருக்கான்" என்றார். ஒரு நொடி கழித்து, "குடுத்து வச்ச மரம்" என்றார்.

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அம்மா வெட்டிய மரங்கள் இன்று இல்லை. 1997-ல் தோட்டத்தை விற்றார்கள். மரத்தைச் சாய்த்தார்கள், லயத்தை இடித்தார்கள். வீடமைப்புப் பகுதி எழும்பிவிட்டது. கோயில் மட்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே போகச் சொன்ன நாளில் அம்மாவுக்குக் கிடைத்த பணம், பட்டணத்தில் வீட்டு முன்பணத்துக்குக்கூடக் காணவில்லை. இந்த அனுபவம் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்ததல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

வழிகாட்டி அம்மாள் வணக்கம் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "எனக்கா? எனக்கு எதுக்குடா?" என்றவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா, வேறெதுவுமா என்று கைப்பேசியில் தெரியவில்லை.

அன்று பிற்பகல் அதே தோட்டத்தில் இன்னோர் ஆச்சரியமும் காத்திருந்தது. மேரியன் நார்த் என்ற ஆங்கிலப் பெண்மணி, துணைக்கு ஆளில்லாமல் உலகத்தைச் சுற்றிச் செடி கொடிகளை ஓவியமாகத் தீட்டியவர். அவருடைய எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்களைச் சுவர் தெரியாமல் மாட்டிய கூடம் ஒன்று 1882 முதல் அங்கே இருக்கிறது. நம் சரவாக்குக்கும் 1876-ல் போயிருக்கிறார்! பூச்சியைப் பிடித்துத் தின்னும் நம் காட்டுக் குடுவைச் செடியை அவர் வரைந்திருக்கிறார். அந்தச் செடி வகைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணி ஆகியும் பொழுது சாயாத அந்த ஜூன் மாதத்தில், நடந்த களைப்பே தெரியாமல் விடுதி திரும்பினேன்.

அதே ரயிலின் மறு முனை

ஞாயிற்றுக்கிழமை. விமானம் இரவில்தான். கியூவுக்குப் போன அதே பச்சைத் தடத்தில் இந்த முறை எதிர்ப்பக்கம், கிழக்கே போனேன். ஈஸ்ட் ஹாம் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், தமிழ் எழுத்து! நகைக்கடை, மளிகைக்கடை, தோசைக்கடை. முருங்கைக்காய் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. தெருவில் போகிறவர்கள் தமிழில் பேசிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்கள். 1983-க்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். முருகன் கோயிலுக்கு நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு, ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தேன்.

கல்லாவில் இருந்த பெரியவர், என் பேச்சைக் கேட்டதும், "தம்பி, நீங்கள் மலேசியாவோ?" என்றார்.

"ஆமாங்க ஐயா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"'பசியாறலாமா'ன்னு கேட்டீங்கள். என்ரை அப்பப்பாவும் அப்படித்தான் கதைப்பார். அவர் கோலாலம்பூரில ரயில்வேயில கிளாக்கரா இருந்து, பென்ஷனோட யாழ்ப்பாணம் வந்தவர். எங்கட ஊரில 'மலாயா பென்ஷனியர் வீடு' எண்டால்தான் தெரியும். அந்த வீடு இப்ப இல்லை."

தோட்டத்துக் கிராணி வேலையிலும் ரயில்வேயிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருந்த காலத்தில், என் பாட்டனார் அவர்கள் முன்னால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துவிட்டுத்தான் நின்றிருப்பார். இன்றைக்கு அந்த வீட்டுப் பேரன் எனக்கு இடியாப்பத்தையும் சொதியையும் தம் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். முதல் நாள் மரத்தைப் பார்த்த கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"தம்பி, உங்களுக்குத் தோட்டம் போச்சு. எங்களுக்கு ஊர் போச்சு. கதையையாவது பிள்ளையளுக்குச் சொல்லி வைக்க வேணும்" என்றார். காசை நீட்டினேன். "சோத்துக்குத் தாங்கோ. தேத்தண்ணிக்கு வேண்டாம். அது அப்பப்பா கணக்கு" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

பாரத்தில் ஒரு திருத்தம்

வீட்டுக்கு வந்தேன். எல்லாருக்கும் மிட்டாய். அம்மாவுக்கு மட்டும் பனை மாளிகைப் படம் போட்ட ஓர் அஞ்சலட்டை. சாமி விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார்.

அன்றிரவு, 32 வருடமாக மனத்தில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடப் பாரத்தில் என்ன எழுதினேன் என்பதை.

அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்டா" என்றார்.

"தெரியுமா?"

"கையெழுத்துப் போட்டது நாந்தான? மலாய் எனக்குத் தெரியலேன்னு பக்கத்து ஊட்டு அண்ணிகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். படிச்சுச் சொன்னிச்சு. படிக்கிற புள்ள, அது மனசு நோவக்கூடாதுன்னு போட்டுக் குடுத்துட்டேன்."

எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மா எழுந்து போய், பரண்மேல் பழந்துணியில் சுற்றி வைத்திருந்த தம் கத்தியை எடுத்துவந்து என் மகள் கையில் கொடுத்தார். "இந்தா, பாட்டி கத்தி. கூர் போயிருச்சு, பயப்படாத. எப்புடிப் புடிக்கணும்னு காட்டுறேன் வா" என்றார். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுத வேண்டியிருந்ததாம். மகள் எழுதிக்கொண்டு போனாள். பாட்டியின் தொழில் 'பால்மரம் வெட்டுதல்' என்று தெளிவாக எழுதியிருந்தாள். கியூ மரத்தின் படத்தையும் பக்கத்தில் ஒட்டியிருந்தாள்.

அன்பர்களே, உங்களில் யாருக்காவது, உங்கள் பிள்ளைகளுக்காவது, வேலை நிமித்தம் வெளியூர் போகும் வாய்ப்பு வரலாம். நடுவில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் அறையில் படுத்துவிடாதீர்கள். கடைத்தெருவுக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஊருக்கும் நம் வீட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? தேடினால் எங்கேயாவது ஒரு மரமோ, ஒரு கோயிலோ, ஒரு சாப்பாட்டுக் கடையோ இருக்கும்.

வெளியூர் போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கத்தியோ, வாளியோ, நெற்றி விளக்கோ கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கீழே இறக்குங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மற்றதைப் பாட்டி பார்த்துக்கொள்வார்.